சம்பளம் போட்டாச்சு, காசு எங்கே? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். அதற்கு முன் கொழும்பில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பகுதியில் ஏழு வருஷம் இருந்தேன். இது தெரிந்ததாலோ என்னவோ, மாதம் 9ஆம் திகதி பின்னேரம் தொடங்கி (10தான் தோட்டத்தில் சம்பள நாள்) 15 வரைக்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரீலோட் போட வருவதில்லை. போனை நீட்டி, "இத கொஞ்சம் பாருங்கண்ணே" என்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

"சம்பளம் போட்டாச்சுன்னு கிளாக்கர் ஐயா சொல்றாரு. என் புக்குல ஒண்ணும் ஏறலையே?"

"போட்டாச்சு" என்ற சொல்லை மூன்று பேர் மூன்று அர்த்தத்தில் சொல்கிறார்கள். செக்ரோலை, அதாவது வேலைநாள் பதிவேட்டை, கூட்டி, பிடித்தம் கழித்து, பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் தோட்ட ஒபிஸில் "போட்டாச்சு" என்பார்கள். அந்தப் பட்டியலை கம்பனி தன் வங்கிக்கு ஏற்றிவிட்டால் கொழும்பிலும் "போட்டாச்சு" என்பார்கள். உங்களுக்கோ புத்தகத்தில் ஏறினால்தான் அது போட்டது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் நாலு நாள் கூடப் போகலாம்.

அதனால் "போட்டாச்சா?" என்று கேட்காதீர்கள். "எந்தத் திகதிக்குப் போட்டிருக்கு, எந்த பேங்கிலிருந்து போகுது?" என்று கேளுங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் காசு எங்கே நிற்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

"பேங்குலயிருந்து பேங்குக்கு காசு எதுல போவுது? லொறியிலயா?"

லிந்துலைப் பக்கத்துத் தாத்தா ஒருவர் கேட்டது. கடையில் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ இந்தப் பட்டியலிலேயே நல்ல கேள்வி இதுதான் என்று தோன்றுகிறது. அவர் காலத்தில் அப்படித்தான் வந்தது. டவுன் வங்கியில் நோட்டுக் கட்டும் சில்லறையும் வாங்கி, ஜீப்பில் காவலோடு தோட்டத்துக்குக் கொண்டுவந்து, மேசை போட்டு, பேர் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்தார்கள். ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது. நாலு வருஷம் கழித்து, 1888இல், ஹட்டன் பேங்க் தொடங்கியது. சுற்றியிருந்த தோட்டங்களின் காசுத் தேவைதான் அதற்குக் காரணம். இன்றைய ஹட்டன் நெஷனல் வங்கியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது சம்பளத்துக்காக எந்த நோட்டும் நகர்வதில்லை, கணக்குத்தான் மாறுகிறது. மேல் லயத்தில் ஒரு கடை, கீழ் லயத்தில் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்கடையில் காசு வைத்திருக்கிறவர், "என் பேரில் கழித்துக்கொண்டு கீழ்கடையில் என் தங்கச்சிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்கிறார். கீழ்கடைக்காரர் கொடுத்துவிட்டுக் கொப்பியில் எழுதுகிறார். இப்படி அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் நாள் முழுக்க நடக்கிறது. பொழுது சாயும்போது மேல்கடை கீழ்கடைக்கு 5,000 ரூபா தர வேண்டும், கீழ்கடை மேல்கடைக்கு 4,200 தர வேண்டும் என்றால் கைமாறுவது 800 மட்டுந்தான். வங்கிகளும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு வங்கிக்கும் மத்திய வங்கியில் ஒரு கணக்கு இருக்கிறது. மிச்சம் வரும் அந்த 800ஐ அங்கே ஒன்றில் கழித்து மற்றதில் கூட்டுவார்கள்.

"அப்ப நடுவுல கொப்பி எழுதுறது யாரு?"

லங்கா கிளியர் என்ற நிறுவனம். மத்திய வங்கியும் மற்ற வங்கிகளும் பங்காளிகள். 2002இல் தொடங்கியது, இப்போது லங்காபே என்ற பெயரில் இயங்குகிறது. ஏ.டி.எம். மெஷினில் ஒட்டியிருக்கும் பெயர் அதுதான்.

காசு போக நாலு பாதை இருக்கிறது. ஸ்லிப்ஸ் என்பது 1993இல் வந்தது. ஒரே பட்டியலில் நூறு பேர், ஆயிரம் பேர் என்று மொத்தமாகப் போகும் பாதை, சம்பளம் பெரும்பாலும் இதில்தான். செஃப்ட்ஸ் 2015இல் வந்தது. ஒவ்வொன்றாக, உடனே போகும், இரவு பகல் லீவு நாள் என்று பார்க்காது. போனில் நீங்கள் அனுப்புவது இதுதான். ஆர்.டி.ஜி.எஸ். 2003இல் வந்தது, பெருந்தொகைக்கு. நம்மில் காணி வாங்குகிற ஒருவர் இருவர் தவிர யாருக்கும் அது தேவைப்படாது. நாலாவது, செக்.

"நைட் பதினொரு மணிக்கு தம்பி போன்ல அனுப்புனா ஒரு நிமிஷத்துல வருது. கம்பனிக்கு மட்டும் ஏன் ரெண்டு நாளு?"

தம்பி செஃப்ட்ஸில் வருகிறான், கம்பனி ஸ்லிப்ஸில் வருகிறது. தனி ஆள் ஆட்டோ பிடித்து வருவதற்கும், பஸ் நிறையும் வரை காத்திருந்து எல்லாரையும் ஏற்றி வருவதற்கும் உள்ள வித்தியாசந்தான். பஸ்ஸுக்கு நேர அட்டவணை உண்டு. வங்கி வேலை நாளில், குறித்த நேரத்துக்குள் பட்டியல் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே தீர்வாகும். 2010இல் ஸ்லிப்ஸ் இணையவழிக்கு மாறியதிலிருந்து அப்படித்தான். நேரம் தவறினால் அடுத்த வேலை நாள்.

ஆக, பாதையில் இரண்டு நாள் போவதில்லை. அந்த இரண்டு நாளும் பாதைக்கு வருவதற்கு முன்னமே போய்விடுகிறது. பட்டியலை ஒருவர் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய வங்கி விடாது, விடவும் கூடாது. ஒப்புதல் கொடுக்கிற பெரியவர் அன்று கண்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருப்பார். நான் வேலை செய்த இடத்தில் வங்கி எங்களிடம் ஒரு நாள் முன்னதாகவே பட்டியல் கேட்கும். 25ஆம் திகதிச் சம்பளத்துக்கு 22ஆம் திகதியே நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம்.

பிறகேன் கம்பனியும் செஃப்ட்ஸிலேயே போடக்கூடாது? போடலாம், சில கம்பனிகள் இப்போது போடவும் செய்கின்றன. ஆனால் அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிக் கட்டணம். எண்ணூறு பேருக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு கணக்குப் பகுதி பழைய பஸ்ஸிலேயே ஏறிக்கொள்ளும்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு காலையிலேயே வந்துருச்சு. எனக்கு பின்னேரமாகியும் இல்ல. ஒரே தோட்டந்தானே?"

தோட்டம் ஒன்றுதான், வங்கி வேறு. கம்பனி கணக்கு வைத்திருக்கும் அதே வங்கியில் அக்காவுக்கும் கணக்கு இருந்தால் அவருடைய காசு வெளியே போகவே இல்லை. மேல்கடைக்காரர் தன் கொப்பியிலேயே ஒரு பக்கத்தில் கழித்து மறுபக்கத்தில் எழுதிவிட்டார். உங்களுடையது கீழ்கடைக்குப் போக வேண்டும், அதற்குப் பஸ் வர வேண்டும். பஸ் வந்த பிறகும் உங்கள் வங்கி தனக்கு வந்த பட்டியலைத் தன் கணக்குகளில் ஏற்ற வேண்டும். சில வங்கிகள் சுறுசுறுப்பு. சில வங்கிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

இதற்காக உடனே வங்கியை மாற்றிவிடாதீர்கள். அரைநாள் முன்னதாக வரும் சம்பளத்துக்காக, வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் கிளையில் கணக்குத் திறந்துவிட்டு மாதாமாதம் பஸ் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

"போயா லீவுன்னா மெஷின் வேல செய்யுதே, சம்பளம் மட்டும் ஏன் வராது?"

மெஷினும் செஃப்ட்ஸும் லீவு பார்க்காது. ஸ்லிப்ஸ் வங்கி லீவு நாளில் ஓடாது. நமக்கு மாதம் ஒரு பௌர்ணமிப் போயா நிச்சயம். தைப்பொங்கலும் தீபாவளியும் வங்கி லீவுதான்.

2025 வெசாக்கை நினைத்துப் பாருங்கள். மே 10 சனிக்கிழமை. 11 ஞாயிறு. 12 வெசாக் போயா. 13 வெசாக்குக்கு மறுநாள், அதுவும் லீவு. வெள்ளிக்கிழமை 9ஆம் திகதி பட்டியல் போயிருந்தால் அன்றே காசு. வெள்ளிக்கிழமை நேரம் தவறியிருந்தால் அடுத்த பஸ் புதன்கிழமை 14. ஒரு மணித்தியாலப் பிந்தலுக்கு ஐந்து நாள் தண்டனை! அந்த வாரம் என் கடையில் நான் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. அதே வருஷம் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை 17க்குள் ஏறாத தீபாவளி முற்பணம், பண்டிகை முடிந்த பிறகுதான் வந்திருக்கும்.

ஸ்லிப்ஸில் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, இன்ன திகதிக்கு ஏற்று என்று சொல்லி வைக்கலாம். ஆகவே "லீவு வந்துவிட்டது" என்பது சாக்காக இருக்க முடியாது. கலண்டர் எல்லா ஒபிஸிலும் தொங்குகிறது.

"அக்கவுண்ட் நம்பர்ல ஒண்ணு தப்பாயிட்டா காசு போயிருமா?"

சம்பளப் பட்டியலில் உங்கள் வரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் வங்கிக்கு நாலு இலக்கம்: இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, ஹட்டன் நெஷனல் வங்கி 7083, தேசிய சேமிப்பு வங்கி 7719. அடுத்து கிளைக்கு மூன்று இலக்கம். அடுத்து கணக்கு இலக்கத்துக்குப் பன்னிரண்டு இடம். உங்கள் இலக்கம் குறைவாக இருந்தால் முன்னால் பூச்சியம் போட்டு நிரப்ப வேண்டும். பிறகு பெயர், தொகை. தொகை சதத்தில் இருக்கும், புள்ளி இருக்காது. 38,450 ரூபா என்றால் 3845000. மனிதர் பற்றி அந்த வரியில் இருப்பது இவ்வளவுதான்.

தப்பான இலக்கத்தில் கணக்கே இல்லை என்றால் நல்லது. பெறுகிற வங்கி அந்த வரியை "கணக்கு இல்லை" என்று திருப்பிவிடும். காசு கம்பனிக்கு வந்து, அவர்கள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். நாலைந்து வேலை நாள் போகும், காசு பத்திரம். மூடின கணக்குக்கும் இதே கதைதான். தப்பான இலக்கத்தில் உண்மையில் ஒரு ஆள் இருந்துவிட்டால்தான் வில்லங்கம்.

இது எனக்கே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், டிசம்பர் மாதம். எக்செலில் கணக்கு இலக்கங்களை ஒட்டினேன். முன்னால் இருந்த பூச்சியங்களை அது தின்றுவிட்டது. பட்டியல் செய்யும் மென்பொருள், குறைந்த இடத்தை முன்னால் நிரப்பாமல் பின்னால் பூச்சியம் போட்டு நிரப்பியது. பத்தொன்பது பேருடைய இலக்கம் மாறிப்போனது. பதினெட்டு வரி திரும்பி வந்தது. ஒன்று வரவில்லை. அது முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் சம்மதித்து எழுதிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. காசு வர வேண்டிய பெண் கட்டுநாயக்காவில் போடிங்கில் இருந்தவர், ஊர் பதுளைப் பக்கம். நத்தாருக்கு ஊருக்குப் போகவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து இலக்கத்தை ஒரு ஆள் சத்தமாக வாசிக்க, இன்னொரு ஆள் டிக் போடுவோம். நீங்களும் ஒபிஸில் இலக்கத்தை வாயால் சொல்லாதீர்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுங்கள். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

"ஐடென்டிட்டியில ஒரு மாதிரி, பேங்கு புக்குல ஒரு மாதிரி எம் பேரு இருக்கு. காசு திரும்பிருமா?"

நம்முடைய ஆட்களிடம் இது நிறைய. பிறப்புப் பதிவில் சிங்களத்தில் ஒரு விதமாக எழுதி, அதை இங்கிலீஷில் இன்னொரு விதமாகப் பெயர்த்து, தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறி, ஒரே ஆளுக்கு மூன்று பெயர். சம்பளம் ஏறும்போது வங்கி பெரும்பாலும் இலக்கத்தையே பார்க்கிறது. எழுத்துக் கூடக் குறைய இருப்பதால் மட்டும் காசு திரும்புவது குறைவு.

ஆனால் இலக்கம் தப்பி, காசைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தால், அல்லது ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கப் போனால், அந்த ஒரு எழுத்துக்காக சத்தியக் கடதாசி வரை அலைய வேண்டிவரும். கையில் வேலை இல்லாத நாளில் சரிசெய்து வையுங்கள்.

"மெசேஜ் வரலையே, அப்ப காசும் வரலதானே?"

மெசேஜ் வேறு, காசு வேறு. அனுப்புவது வங்கியின் கம்பியூட்டர், கொண்டுவருவது போன் கம்பனி. பள்ளத்து லயத்தில் சிக்னல் இல்லாவிட்டால் காசு வந்து ஆறு மணித்தியாலம் கழித்து மெசேஜ் வரும். நம்பரை மாற்றி வங்கிக்குச் சொல்லாதவர்களுக்கு வரவே வராது, பழைய நம்பரை இப்போது வைத்திருக்கும் ஆளுக்குப் போகும். புத்தகத்தைப் போட்டுப் பாருங்கள், இல்லை மெஷினில் மீதி பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. "உங்க சம்பளம் சிக்கியிருக்கு, வர்ற ஆறு இலக்கத்தச் சொல்லுங்க" என்று யாராவது போன் எடுத்தால் வைத்துவிடுங்கள். காசு உள்ளே வருவதற்கு எந்த இரகசிய இலக்கமும் தேவையில்லை. வெளியே போவதற்குத்தான் தேவை.

"கான்ட்ரக்ட்காரர் செக்கா குடுத்தாரு. புக்குல காசு காட்டுது, எடுக்கப் போனா தரமாட்டேங்கிறாங்க?"

எழுதியிருக்கிறது, இன்னும் கையில் வரவில்லை. செக்கை நீங்கள் போட்ட கிளையிலேயே படம் பிடித்து அந்தப் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். 2006இலிருந்து இந்த முறை. தெற்காசியாவில் முதலில் தொடங்கியது நாம்தான். அதற்கு முன் செக் தாளே கொழும்புக்குப் பயணம் போக வேண்டும், மலைநாட்டுக் கிளைகளில் போட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது, நேரத்துக்குள் போட்டால் அடுத்த வேலை நாளில் முடிந்துவிடும்.

இடையில் கொடுத்தவரின் கணக்கில் காசு இருக்கிறதா என்று அவருடைய வங்கி பார்க்கிறது. இல்லையென்றால் எழுதியதை அழித்துவிட்டு செக் திரும்பும். அந்த ஒரு நாள் காத்திருப்பு இதற்காகத்தான். செக்கில் போட்டிருக்கும் திகதியைப் பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதத் திகதி போட்டுக் கொடுத்துவிட்டு "சம்பளம் குடுத்தாச்சு" என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"மெஷின்ல காசு வரல, ஆனா கழிச்சிட்டாங்க. யார்கிட்ட போறது?"

கார்ட் கொடுத்த உங்கள் வங்கியிடம். மெஷின் வேறு வங்கியுடையதாக இருந்தாலும் அப்படியே. துண்டு வந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நேரத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள். மெஷினை நிரப்பும்போது உள்ளே இருக்கும் நோட்டை எண்ணுவார்கள். உங்கள் 10,000 வெளியே வரவில்லை என்றால் அங்கே 10,000 கூடுதலாக இருக்கும். சம்பள நாளில் இது அதிகம் நடக்கிறது, நோட்டு தீர்ந்துபோகும் நாளும் அதுதான்.

"பத்தாந்திகதி சம்பளம் வந்துச்சு, அன்னைக்கே லோன் தவணை கட்டலன்னு தண்டமும் போட்டிருக்காங்க. என்ன நியாயம்?"

நியாயம் இல்லை, நேரந்தான். தவணையை எடுக்கும்படி நீங்கள் கொடுத்த நிலையான கட்டளை காலையிலேயே ஓடியிருக்கும். அப்போது கணக்கில் காசு இல்லை. சம்பளப் பஸ் மத்தியானம் வந்தது. இரண்டும் ஒரே திகதி, ஆனால் சந்திக்கவில்லை.

தவணைத் திகதியை 10க்கு வைக்காதீர்கள், 15க்கோ 16க்கோ மாற்றச் சொல்லுங்கள். வெசாக் கதையை நினைத்தால் 16 பரவாயில்லை. கிளைக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், பெரும்பாலான முகாமையாளர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கும் தவணை வந்தால் சரி.

"போன்ல அனுப்பும்போது ஒரு நம்பர் மாறி யாருக்கோ போயிருச்சு. பேங்கு அத புடுங்கித் தர முடியாதா?"

முடியாது. உடனே போகும் பாதையின் மறுபக்கம் இது: போனதும் உடனே போய்விடுகிறது. பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி அவருடைய கணக்கிலிருந்து எடுக்காது. நாளை உங்கள் கணக்கிலிருந்து யாரோ "தப்பா அனுப்பிட்டேன்" என்று சொல்லி எடுக்க வந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

உங்கள் வங்கிக்கு உடனே அறிவியுங்கள், அவர்கள் அந்த வங்கிக்கு எழுதுவார்கள், அந்த வங்கி ஆளைக் கேட்கும். மறுத்தால் பொலிஸ், வழக்கு. பெரிய தொகை அனுப்புவதாக இருந்தால் முதலில் 100 ரூபா அனுப்பி, "வந்துச்சா?" என்று போன் எடுத்துக் கேளுங்கள். கட்டணம் இரண்டு தடவை போகும், போகட்டும்.

"மக ரியாத்துல இருக்கா. வியாழக்கிழம போட்டேங்கிறா, திங்கக்கிழமயும் வரல. யாரு பொய் சொல்றது?"

யாரும் பொய் சொல்லவில்லை. சவூதியில் வார லீவு வெள்ளி, சனி. நமக்குச் சனி, ஞாயிறு. வியாழன் மாலை வேலை முடிந்து போட்டிருந்தால், அங்கே வங்கி திறப்பது ஞாயிறு. அன்று இங்கே பூட்டு. டொலரில் போகிறதென்றால் நடுவில் அமெரிக்காவில் ஒரு வங்கி நிற்கும், அதற்கும் சனி ஞாயிறு லீவு. மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்கும் முதல் நாள் திங்கள். உங்கள் கைக்குச் செவ்வாய் வந்தாலே நல்ல வேகம். ஸ்விஃப்ட் என்று சொல்வார்களே, அது காசைக் கொண்டுவருவதில்லை, வங்கிகளுக்கிடையே செய்தியை மட்டும் கொண்டுபோகிறது. கணக்குத்தான் மாறுகிறது என்று மேலே சொன்னது கடல் தாண்டியும் பொருந்தும், நடுவில் கொப்பி எழுதுகிறவர்கள்தான் கூடுதல்.

இங்கே உள்ள வங்கியோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கும் காசு மாற்று நிலையங்கள் மூலம் போட்டால் அன்றே கூட வந்துவிடும். மகளிடம் எந்த வழியில் போட்டாள் என்று கேளுங்கள், துண்டில் இருக்கும் இலக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் வழியில், போட்டால் பத்து நிமிஷம் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். காசு வராவிட்டால் கேட்கப் போக ஒரு கவுண்டர் கூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

"பத்தாந்திகதிக்குள்ள குடுக்கணும்னு சட்டம் இருக்காமே. அப்ப பேங்கு லேட்டுன்னா?"

சம்பளச் சபைக் கட்டளைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் என்பது அதன்படிதான். கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வங்கிக்கு எப்போது அனுப்பினால் 10க்குள் வரும் என்று பார்க்க வேண்டியதும் அவர்தான்.

முறைப்பாட்டுக்கு இரண்டு வாசல். பட்டியலே போகவில்லை என்றால் தொழில் அலுவலகம். பட்டியல் போய், உங்கள் வங்கிக்கும் வந்து, உங்கள் கணக்கில் ஏறவில்லை என்றால் முதலில் கிளை, அங்கே பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935. எந்த வாசல் என்று தெரியத்தான் முதல் கேள்வியில் சொன்ன திகதியும் வங்கிப் பெயரும். அவை இல்லாமல் போனால் ஒருவர் மற்றவரிடம் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

"அந்த ரெண்டு நாள் காசு யார்கிட்ட இருக்கு? வட்டி யாருக்கு?"

இதைக் கேட்டது ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி. பட்டியல் ஏறும் வரை காசு கம்பனியின் கணக்கில் இருக்கிறது. மிகைப்பற்றில் (ஓவர்டிராஃப்ட், வங்கிக் கடனில்) ஓடும் கம்பனியாக இருந்தால் அதுவரை வட்டி மிச்சம். எண்ணூறு பேர், தலைக்கு 40,000 ரூபா என்று வைத்தால் மூன்று கோடியே இருபது இலட்சம். வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டு என்று போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7,000 ரூபா. உங்களுக்கு தலைக்கு எட்டு ரூபா எழுபத்தேழு சதம்.

வேண்டுமென்றே பிந்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் இருந்த இடத்தில் பிந்தியதெல்லாம் சோம்பலாலும், கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லாததாலுந்தான். ஆனால் பிந்துவதால் அவர்களுக்கு நட்டம் எதுவும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் சரிண்ணே, நாளைக்கு வருமா?"

இதைக் கேட்காத ஆளே இல்லை. நாளை வங்கி வேலை நாளா? பட்டியல் இன்று போனது என்று திகதியோடு சொன்னார்களா? கணக்கு இலக்கம் போன மாதம் வேலை செய்த அதே இலக்கமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வரும். காலை ஆறு மணிக்கே மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கி வாருங்கள், வரிசையும் அதற்குள் குறைந்திருக்கும்.